தராசு பொய் சொல்லாது

போன வருஷம் ஆவணி மாசம் அப்பா போன் செய்து, "சுகர் வந்துருச்சு தம்பி" என்றார். குரலில் வருத்தம் இல்லை. அடுத்த மூச்சிலேயே வைத்தியத்தையும் அவரே சொல்லிவிட்டார். "நீ அன்னைக்கு உடம்பக் குறைச்சேல்ல, அதே மாதிரி நானும் குறைச்சிட்டாச் சரியாப் போயிரும். ராத்திரி சோத்த விட்டுட்டேன். காலையில ரெண்டே இட்லி. ரெண்டு வாரத்துல மூணு கிலோ எறங்கிருச்சு."

"எதுல எடை பாத்தீங்க?"

"நம்ம கடையில மூட்டை நிறுக்கிற தராசுலதான். தராசு பொய் சொல்லாது."

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பத்திநாலு வருஷம் மளிகைக்கடை நடத்தியவர் அப்பா. தராசை நம்பாமல் வேறு எதை நம்புவார்? அவருக்கு வயது 64. கடைசியாக நான் பார்த்தபோது எடை 63 கிலோ. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, மகன் காட்டிய வழியில் போகிறேன் என்கிறார்.

அந்த மகன் காட்டிய வழி என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

கொரோனா முடிந்த சமயம் நான் 87 கிலோ இருந்தேன். போனில் ஒரு ஆப் இறக்கினேன். அது நாளுக்கு 1200 கலோரி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. சோறு நின்றது, முட்டை நின்றது, சூப்பும் வெள்ளரிக்காயுமாக நாள் ஓடியது. தினமும் பத்தாயிரம் அடி நடை. ஐந்து மாதத்தில் 71. ஆபீஸில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது லிட்டர் தண்ணி கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கப் போனேன். வருஷக்கணக்காகச் செய்துவந்த வேலை. நெஞ்சு உயரம் வரை வந்த கேன் அதற்கு மேல் ஏறவில்லை. கை நடுங்கிக் கீழே விட்டேன். ஹால் முழுக்கத் தண்ணீர். மனைவி முதலில் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஒரு வருஷத்தில் ஒன்பது கிலோ திரும்பி வந்தது. எடை 80தான், ஆனால் 87 கிலோவில் போட்ட பேன்ட் இடுப்பில் இறுக்கியது. ஏழு கிலோ குறைவாக இருக்கிறேன், தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் குறைந்த ஏழு கிலோ எது?

நான் பார்க்கும் சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு நல்ல பழக்கம் உண்டு. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை விளக்கு, வாடிக்கையாளர் மட்டும் போனில் கத்திக்கொண்டிருப்பார். எண் சரியாகத்தான் இருக்கும், தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு நடந்தது அதுதான் என்று சந்தேகம் வந்தது. மனிதர்கள் தங்கள் மெலிவை எதை வைத்து அளந்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் போன் வந்தபோது அந்தப் படிப்பு பாதியில் இருந்தது.

*

கதை லண்டனில் ஒரு சவப்பெட்டிக்காரரிடம் தொடங்குகிறது. வில்லியம் பான்டிங், அரச குடும்பத்து ஈமச்சடங்குகளை நடத்திய பரம்பரையைச் சேர்ந்தவர். 1862இல் அவருக்கு 66 வயது, ஐந்தடி ஐந்தங்குல உயரம், 202 பவுண்டு எடை. கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து ஷூ கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு துடுப்புப் போட்டுப் பார்த்தார். பசிதான் கூடியது. காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். அவரோ காதை விட்டுவிட்டு ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். இறைச்சியும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ இறங்கியது. 1863இல் பான்டிங் தன் அனுபவத்தை ஒரு சிறு நூலாக எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆனது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றைக்கும் டயட் இருப்பதற்கு 'பான்டா' என்றுதான் பெயர்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கணக்குப் போட்டால் அவர் வாரத்துக்கு இறக்கியது 400 கிராம்தான், அதுவும் தட்டு நிறையப் புரதத்தோடு. இடுப்பளவையும் குறித்து வைத்திருந்தார். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. மனுஷர் தெரியாமலேயே சரியாகச் செய்திருக்கிறார். ஆனால் அவரிடமிருந்து ஊர் எடுத்துக்கொண்டது பவுண்டுக் கணக்கை மட்டும்தான். பின்னால் எடை பார்க்கும் மெஷின் தெருவுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் வந்தது. நம் ஸ்டேஷன்களிலும் காசு போட்டால் கலர் பல்பு சுற்றி, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமுமாக அட்டை விழும். இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

எடைக்கு மாற்றாக இன்னொரு கருவியும் அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது. தையற்காரரின் டேப். யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1897இல் லண்டனில் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். 1901இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடலழகுப் போட்டி நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் அதில் ஒரு நடுவர். சாண்டோவின் புத்தகங்களில் மாணவர்களின் கடிதங்கள் இருக்கும். மார்பு இத்தனை அங்குலம் கூடியது, புஜம் இத்தனை கூடியது என்று எழுதியிருப்பார்கள். 1904-05இல் அவர் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டிப் போனார். நம்ம சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருப்பது இவர்தான். பயில்வான்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தராசில் ஏறி நின்றார்கள். இரண்டு கூட்டமும் பல காலம் பேசிக்கொள்ளவே இல்லை.

*

உடம்பிலிருந்து போவது எது என்ற கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் மூத்திரத்தை அளந்தவர்கள்.

ஜெர்மனியின் மியூனிக்கில் கார்ல் ஃபோய்ட் 1860களிலிருந்து இதைச் செய்தார். தத்துவம் எளிது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. கொழுப்பிலும் மாவுச்சத்திலும் நைட்ரஜன் இல்லை. உடம்பு தன் புரதத்தைக் கரைத்தால் அந்த நைட்ரஜன் பெரும்பாலும் மூத்திரத்தில்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் ஆறேகால் கிராம் புரதம். அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 30 கிராம் சதை. உடம்பின் வரவு செலவுக் கணக்கு அந்தப் பாட்டிலில் இருந்தது.

1912இல் பாஸ்டனில் ஃபிரான்சிஸ் பெனிடிக்ட் இந்தக் கணக்கை ஒரே மனிதரிடம் கடைசிவரை போட்டுப் பார்த்தார். மால்டா தீவிலிருந்து வந்த அகொஸ்தீனோ லெவன்சின் என்ற வழக்கறிஞர் உண்ணாநோன்பின் மகிமையை நம்பியவர். 31 நாள் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு ஆய்வகத்திலேயே தங்கினார். எடை 60 கிலோ சொச்சத்திலிருந்து 47 கிலோ சொச்சத்துக்கு வந்தது. 13 கிலோ. ஒரே மாதத்தில்! இன்றைக்கு இதற்கு எத்தனை லைக் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பாட்டில் வேறு கதை சொன்னது. அந்த 31 நாளில் வெளியேறிய நைட்ரஜன் சுமார் 277 கிராம். முப்பதால் பெருக்கினால் எட்டு கிலோவுக்கு மேல் வருகிறது. போன 13 கிலோவில் பாதிக்கும் மேல் கொழுப்பே அல்ல.

இது ஏன் என்று புரிந்தபோது என் ஆப் மீது எனக்கிருந்த கோபம் தணிந்தது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7700 கலோரி அடைந்திருக்கிறது. ஒரு கிலோ தசையில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் அதில் ஆயிரம் சொச்சம் கலோரிதான் கிடைக்கும். அதாவது நாளுக்கு ஆயிரம் கலோரி பற்றாக்குறை வைத்தால், முழுக்கக் கொழுப்பாகக் கரைந்தால் 130 கிராம்தான் இறங்கும். முழுக்கத் தசையாகக் கரைந்தால் முக்கால் கிலோ போல இறங்கும். நிஜத்தில் இரண்டும் கலந்துதான் கரையும். ஆனால் தசை எவ்வளவு அதிகம் கரைகிறதோ அவ்வளவு வேகமாகத் தராசு முள் இறங்கும். நாம் தோற்கும் அளவுக்கு அது நம்மைப் பாராட்டும்.

*

உயிரோடிருக்கும் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி கிடைத்தது அமெரிக்கக் கடற்படையில். ஆல்பர்ட் பென்கி என்ற கடற்படை மருத்துவர் ஆர்க்கிமிடீஸின் பழைய யோசனையை எடுத்துக்கொண்டார். கொழுப்பு தண்ணீரை விட லேசு, தசையும் எலும்பும் கனம். ஆளைத் தண்ணீருக்குள் முக்கி எடை பார்த்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

1942இல் அவரும் சகாவும் 25 தொழில்முறை ஃபுட்பால் ஆட்டக்காரர்களை அப்படி அளந்தார்கள். உயரத்துக்கு இத்தனை எடை என்ற அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கில்லாத குண்டர்கள். தண்ணீருக்குள் பார்த்தால் அவர்கள் உடம்பில் கொழுப்பு குறைவு, கனமெல்லாம் தசை. அட்டவணை அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஒரே எடைக்குள் இரண்டு வேறு உடம்புகள் இருக்க முடியும் என்பதற்கு அதன்பின் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தன் பட்டினிச் சோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களைப் போர் முடிந்ததும் எப்படித் தேற்றுவது என்று தெரிய வேண்டும், அதற்காக. ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த அறைகளில் தங்கவைத்தார்கள். 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடை. எடை தூக்கும் பயிற்சி எதுவும் கிடையாது.

நாளுக்கு எத்தனை கலோரி கொடுத்தார்கள் தெரியுமா? சுமார் 1570. மருத்துவ வரலாறு பட்டினி என்று பெயர் வைத்த உணவு, என் ஆப் எனக்கு எழுதிக் கொடுத்ததை விட 370 கலோரி அதிகம். அவர்கள் தொடங்கும்போதே ஒல்லியானவர்கள், நானோ 87 கிலோ, இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சராசரி எடை 69 கிலோவிலிருந்து 53க்கு இறங்கியது. படியேறத் திணறினார்கள். ஜூலை வெயிலில் குளிர்ந்தது. உட்காரும் இடத்தில் சதை இல்லாததால் தலையணையைக் கையோடு தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சமையல் குறிப்புப் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள்.

அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்பு முதலில் ஓடி வந்தது, பழைய அளவைத் தாண்டியும் போனது. தசை பின்தங்கியே இருந்தது. கீஸின் எண்களை 1997இல் அப்துல் டுலூவும் சகாக்களும் மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். இழந்த சதை திரும்பி நிரம்பும்வரை பசி அடங்கவில்லை என்று கண்டார்கள். உடம்பு தசையைத் தேடித் தின்கிறது, வழியில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இடுப்பில் இறுக்கிய என் பேன்ட்டுக்கு விளக்கம் 1945ஆம் வருஷத்துத் தாளில் இருந்தது.

*

இவ்வளவும் தெரிந்த பிறகும் 1970களில் அமெரிக்காவில் 'திரவப் புரத' டயட் என்று ஒன்று அலை அடித்தது. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த புரதத் தண்ணீர், நாளுக்கு நானூறு கலோரிக்குள். புரதம் குடித்தால் தசை போகாது என்றார்கள். ஆனால் அது தசை கட்ட உதவாத அரைகுறைப் புரதம். 1977-78இல் அறுபது பேர் வரை இறந்ததாகப் புகார்கள் வந்தன. அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றிருக்கிறது. இதயமும் தசைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பயில்வான்களும் ஆய்வகமும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1988இல் பேலரும் சகாக்களும் உடல் பருத்த 40 பெண்களை எட்டு வாரம் நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். உணவை மட்டும் குறைத்த குழு கொழுப்போடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ மெல்லுடலையும் இழந்தது. மெல்லுடல் என்றால் கொழுப்பு நீங்கலான மிச்சம் எல்லாம். உணவைக் குறைத்துக்கொண்டே எடையும் தூக்கிய குழுவுக்கு அது போகவே இல்லை, துளி கூடக் கூடியது. தராசு இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

2011இல் நார்வேயில் விளையாட்டு வீரர்களிடம் வேகத்தையே சோதித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைக்க வேண்டும், இன்னொன்று 1.4 சதவீதம். இரண்டு குழுவுமே வாரம் நான்கு நாள் எடை தூக்கியது. மெதுவாகப் போனவர்கள் கொழுப்பில் 31 சதவீதத்தை இழந்தார்கள், மெல்லுடல் 2 சதவீதம் கூடியது. வேகமாகப் போனவர்கள் இழந்த கொழுப்பு 21 சதவீதம், மெல்லுடல் கூடவில்லை. 70 கிலோ ஆளுக்கு 0.7 சதவீதம் என்றால் வாரத்துக்கு அரைக் கிலோ. நூற்றைம்பது வருஷம் முன்னால் பான்டிங் போன வேகம் கிட்டத்தட்ட அதுதான்.

உடம்பைச் சிக்கனக்காரக் குடும்பஸ்தன் என்று நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். வருமானம் குறைந்தால் எதை விற்பது என்று அது பார்க்கும். தினமும் பயன்படுகிற பொருளை விற்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கனமாக எதையாவது தூக்கினால், இந்தத் தசை வேண்டும் என்று உடம்புக்குத் தகவல் போகிறது. தட்டில் போதுமான புரதம் இருந்தால் அதைப் பழுதுபார்க்கச் சரக்கும் கிடைக்கிறது. பற்றாக்குறை சின்னதாக இருந்தால் கொழுப்பை மட்டும் விற்றுச் சமாளிக்க அவகாசம் இருக்கிறது.

*

அப்பாவுக்கு இதில் எதைச் சொல்வது? அவர் குண்டே இல்லையே.

அதற்கான பதில் புனேயில் இருந்தது. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கேற்ற எடை என்ற பிஎம்ஐ கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. அட்டவணைப்படி இருவருமே கச்சிதம். உடம்புக்குள் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அவர் குழு முன்பே புனேயில் பிறந்த குழந்தைகளையும் அளந்திருந்தது. இங்கிலாந்துக் குழந்தைகள் மூன்றரை கிலோ, புனேக் குழந்தைகள் 2.7 கிலோ. குறைந்த எடையில் பெரும்பகுதி தசையும் உறுப்புகளும்தான். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுத்திருக்கும்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். ஏற்கெனவே சரக்கு குறைவான கிடங்கு. அதையும் பட்டினி போட்டுக் காலி செய்துகொண்டிருந்தார் அப்பா, எண் இறங்குகிறது என்ற சந்தோஷத்தில்.

பொங்கல்வரை காத்திருக்கவில்லை, அந்த வார இறுதியிலேயே பஸ் ஏறினேன். பென்கி, பெனிடிக்ட் கதையெல்லாம் எடுபடவில்லை. "அவங்கெல்லாம் வெள்ளக்காரங்க" என்றார். கடைசியில் கடைக்குள்ளேயே பதில் கிடைத்தது.

"ஏம்ப்பா, புளி வாங்குறப்போ கொட்டையோட பத்துக் கிலோவும் கொட்டை எடுத்த பத்துக் கிலோவும் ஒண்ணா?"

"அது எப்படி ஒண்ணாகும்?"

"தராசுல ஒண்ணுதான?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, எங்கிட்ட கொட்டை எவ்வளவு, சதை எவ்வளவுன்னு எவன் பாக்குறது?" என்றார். ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று தெரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரை தொடங்கியது. எடை தூக்கலாமா என்று கேட்டேன். பிபி, மூட்டு எல்லாம் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இந்த வயசில் எதற்கு என்று அம்மாதான் பயந்தாள். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதை அம்மாவிடம் சொன்னேன். "தொண்ணூறா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் மூன்று நாள் கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அஞ்சு கிலோ அரிசிப் பையை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கடைக்குள் நடப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. முடிந்தபோது பை பத்துக் கிலோ ஆகும். ராத்திரிச் சோறு பாதி அளவுக்குத் திரும்பி வந்தது, கூடவே இரண்டு முட்டையோ மீனோ சுண்டலோ.

ஆறு மாசத்தில் அவர் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பட்டினி கிடந்து 60க்கு வந்தவர் 60லேயே நிற்கிறார். மூன்று மாதச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. அதில் மாத்திரைக்குப் பாதிப் பங்கு, அரிசிப் பைக்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை. நானும் ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். 80லிருந்து 76க்கு வர எட்டு மாதம் ஆனது. ஆபீஸில் ஒருவரும் கவனிக்கவில்லை. கேனைத் தூக்கிக் கவிழ்க்கிறேன், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

போன வாரம் அப்பா போன் செய்தார். கடைக் கணக்கு, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் சொன்னார்.

"அரணாக்கயிறு தொளதொளன்னு ஆயிருச்சு தம்பி. முடிச்ச மாத்திப் போட்டேன்."

"எடை பாத்தீங்களாப்பா?"

"அது எதுக்கு இப்ப?" என்றார்.